ஸ்னோ புளோவரில் ரப்பர் கருகும் நாற்றம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எட்டு ஆண்டுகளாக நாங்கள் பயன்படுத்தும் இரண்டு கட்ட ஸ்னோ புளோவர் (திருகு பனியை வாரி, விசிறி அதை வீசும் இயந்திரம்), சென்ற வாரம் வீதிப் பனிவண்டி எங்கள் டிரைவ்வே வாசலில் ஒதுக்கிவிட்டுப் போன ஈரப்பனியை அள்ளும்போது, முன்னால் நகர்ந்ததே தவிர பனியை வீசவில்லை. ரப்பர் கருகிய நாற்றமும் வந்தது. பெல்ட் போயிருக்கும் என்கிறார்கள். நானே மாற்றலாமா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: மாற்றலாம். ஆனால் எந்த பெல்ட், அது ஏன் கருகியது என்று தெரிந்துகொள்ளாமல் புதியதை வாங்க வேண்டாம். காரணம் அப்படியே இருந்தால் புதிய பெல்ட்டும் கருகிவிடும்.

இத்தகைய இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் இன்ஜினுக்கும் முன்வாளிக்கும் நடுவே, ஒரு மூடிக்குக் கீழே இரண்டு பெல்ட்டுகள் இருக்கும். ஒன்று சக்கரங்களை ஓட்டுகிறது; மற்றது பனியை வாரும் திருகையும் அதை வீசும் விசிறியையும் சுழற்றுகிறது. உங்கள் இயந்திரம் நகர்ந்ததால் சக்கர பெல்ட்டைச் சந்தேகிக்கத் தேவையில்லை. திருகை அதன் தண்டோடு இணைக்கும், பளு மிகுந்தால் முறியும்படி செய்த ஷியர் பின் என்ற சிறு ஆணி முறிந்திருந்தால் திருகின் ஒரு பக்கம் மட்டும் நின்றுபோகும், விசிறி சுழன்றுகொண்டே இருக்கும், கருகும் நாற்றமும் வராது. எனவே திருகு பெல்ட்தான் வழுக்கியிருக்கிறது.

முதலில் இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டையால் விசிறியை அசைத்துப் பாருங்கள். முந்தைய நாள் வாளியில் விட்டுவைத்த ஈரப்பனி இரவில் உறைந்து விசிறியைக் கவ்விப் பிடித்திருந்தால், திருகை இயக்கும் கைப்பிடி லீவரை அழுத்தியதும் இன்ஜின் கப்பி மட்டும் சுழன்று, பெல்ட்டை ஒரே இடத்தில் தேய்த்துக் கருக்கிவிடும். நான் பார்த்த கருகிய பெல்ட்டுகளில் பல இப்படிப் போனவைதான். சிக்கிய பனியை, இன்ஜின் நின்ற பிறகும்கூட, தயவுசெய்து கைவிட்டு எடுக்காதீர்கள். இறுகிய பெல்ட்டில் தேங்கியிருக்கும் விசை விசிறியைச் சட்டென்று சுழற்றி விரல்களைத் துண்டித்துவிடலாம்.

விசிறி தடையின்றிச் சுழன்றால் மூடியைக் கழற்றுங்கள். நல்ல பெல்ட்டின் பக்கங்கள் மங்கலாக இருக்கும். வழுக்கிய பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல் மினுங்கும், மூடியின் உட்புறத்தில் கரித்தூள் படிந்திருக்கும். பெல்ட்டை அழுத்தி இறுக்கும் சிறு கப்பியை விரலால் சுழற்றும்போது கரகரவென்றால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பெல்ட் கெடாமல் நீண்டு மட்டும் போயிருந்தால், லீவரிலிருந்து வரும் கேபிளின் தொய்வைச் சற்றுக் குறைத்தாலே போதும். அளவுக்கு மீறி இறுக்கினால் லீவரை விட்ட பிறகும் திருகு சுழலும், அது பேராபத்து. லீவரை விட்ட 5 விநாடிக்குள் திருகு முற்றிலும் நின்றாக வேண்டும்.

மாற்றுவதென்றே முடிவானால், இயந்திரத்தின் தகட்டிலுள்ள மாடல் எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட பெல்ட்டையே வாங்குங்கள். அதே நீளமுள்ள சாதாரண பெல்ட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் லீவரை அழுத்தும்போது பற்றவும் விட்டதும் நழுவவும் வேண்டிய இந்த வேலைக்கு அது செய்யப்பட்டதன்று. பழைய பெல்ட்டைக் கழற்றுமுன், அது செல்லும் வழியையும் அதை விலகாமல் காக்கும் கம்பிகளையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் முன்வாளியை உடலிலிருந்து பிரித்தால்தான் பெல்ட் வெளியே வரும் என்பதால், துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் இயந்திரம் பனியை நன்றாக வீசுகிறது, ஆனால் நகர மறுக்கிறது. சக்கர பெல்ட்டை மாற்றியும் பயனில்லை.
– வாசகி, மார்க்கம்

பதில்: கியர் லீவர் உள்ள பெரும்பாலான மாடல்களில் பெல்ட்டின் விசை நேராகச் சக்கரங்களுக்குப் போவதில்லை, சுழலும் ஓர் உலோகத் தட்டில் உரசி ஓடும் ரப்பர் வளையச் சக்கரத்தின் வழியாகவே போகிறது. பெட்ரோலை வடித்துவிட்டு, இயந்திரத்தை முன்பக்கமாகச் சாய்த்து அடித்தகட்டைத் திறந்தால் அது தெரியும். ரப்பர் உலோகம் வரை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். தட்டில் கிரீஸோ எண்ணெயோ பட்டிருந்தால் முற்றாகத் துடைத்துவிடுங்கள். அங்கே ஒரு துளி கிரீஸ் பட்டாலும் சக்கரம் வழுக்கும்.