கோடு போடாமல் பகிர்ந்த கடல்

அன்புள்ள ஐயா,

இரு நாடுகள் உரிமை கோரும் கடற்பகுதியைக் கூட்டாகப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தீர்கள். எல்லை முடிவாகும் முன்பே பங்கு போட்டுக்கொள்வது, உரிமையை விட்டுக்கொடுப்பது ஆகாதா? வலுத்தவனுக்குத்தானே அது சாதகமாக முடியும்?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் இடைக்கால ஏற்பாடு எதுவும் இறுதி எல்லையைப் பாதிக்காது என்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை, தன் 74, 83ஆம் பிரிவுகளில் தெளிவாகவே சொல்கிறது. நடைமுறையில் அது எப்படி இருக்கும் என்பதற்குத் தாய்லாந்து வளைகுடாவைப் பாருங்கள்.

அங்கே தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் இடையே கண்டத்திட்டு எல்லையை, அதாவது கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலத்தின் எல்லையைப் பேசியபோது கோ லோசின் என்ற பாறை குறுக்கே நின்றது. ஒரு கலங்கரை விளக்கம் நிற்பதற்கு மேல் இடமில்லாத, யாரும் குடியிருக்க முடியாத அந்தப் பாறையிலிருந்து எல்லையை அளக்க வேண்டும் என்றது தாய்லாந்து. அதைக் கணக்கில் கொள்ள மலேசியா மறுத்தது. ஏறத்தாழ 7,250 சதுர கிலோமீட்டர் கடல் இரு தரப்புக் கோரிக்கைக்குள்ளும் விழுந்தது.

1979 பிப்ரவரியில் சியாங் மாயில் கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தம் அந்தத் தகராறைத் தீர்க்கவில்லை. எல்லைப் பேச்சு நடக்கட்டும், அதுவரை 50 ஆண்டுகளுக்குக் கடலடி எண்ணெய், எரிவாயுவைக் கூட்டாக எடுத்து, செலவையும் வரவையும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வோம் என்றே அதில் முடிவாயிற்று. எண்ணெய் மேடையில் ஒரு திருட்டோ அடிதடியோ நடந்தால் எந்த நாட்டுக் காவல்துறை வரும் என்பதற்குக்கூட ஒரு கோடு வரைந்தார்கள். அந்தக் கோட்டைக் கண்டத்திட்டு எல்லையாகப் பொருள்கொள்ளக் கூடாது என்றும் அங்கேயே எழுதினார்கள். நீங்கள் அஞ்சும் விட்டுக்கொடுத்தலுக்கு இதைவிட நல்ல காப்பை நான் அறியேன். வலுத்தவன் பற்றிய கேள்விக்கு, இந்தப் பகுதியை நிர்வகிக்க இரு நாடுகளும் சேர்ந்து அமைத்த கூட்டு ஆணையத்தின் அமைப்பே விடை சொல்கிறது: இரு நாடுகளுக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள், ஆளுக்கொரு இணைத் தலைவர்.

இதெல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. மலேசியாவில் எடுக்கும் எண்ணெயை அரசும் நிறுவனமும் பங்கிடும் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்த முறை, தாய்லாந்தில் நிறுவனமே எடுத்து அரசுக்கு உரிமத்தொகையும் வரியும் கட்டும் உரிமம் வழங்கும் முறை என எண்ணெய்ச் சட்டங்களே வேறுபட்டிருந்ததால், ஆணையத்தை அமைக்கும் ஒப்பந்தத்துக்கு 1990 வரை, அதாவது 11 ஆண்டுகள் பிடித்தன. எரிவாயு வந்தது 2005இல்தான். அந்த 11 ஆண்டுகளில் எந்த அரசும் மேசையை விட்டு எழுந்து போகாததையே நான் பெரிதாக மதிக்கிறேன். இதே தாய்லாந்து 2001இல் கம்போடியாவுடனும் இதைப் போன்ற புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நில எல்லைப் பூசலும் உள்நாட்டு அரசியலும் திரும்பத் திரும்பக் குறுக்கிட்டதில் அந்தப் பேச்சு முடங்கியது. ஆகவே கையெழுத்து மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மலேசியாவுடனான 50 ஆண்டுக் காலம் 2029இல் முடிகிறது. அதற்குள்ளும் எல்லை முடிவாகாவிட்டால் இப்போதைய ஏற்பாடே தொடரும் என்பதையும் 1979லேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.