கேள்வி வரவு, பதில் பற்று

(வேலூரில் 31 ஆண்டுகள் வணிகவியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: ஐயா, நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. காலை 5.15-க்கு எழுந்து அம்மாவுக்குப் பீடி இலை வெட்டிக் கொடுத்துவிட்டு, 7.30-க்கு அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல்லில் வேலூர் கிளம்புவேன். 8.30 முதல் 1.30 வரை கல்லூரி. 3 மணியிலிருந்து இரவு 11 வரை காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. மாதம் 8,500 ரூபாய். வீடு வந்து சேர 11.45. கொஞ்ச நேரம் போன் பார்த்துவிட்டுப் படுக்க 12.30 ஆகிவிடும். போன வாரம் வகுப்பில் கண் அசந்துவிட்டேன். பேராசிரியர் எழுப்பி, "இது வகுப்பா, லாட்ஜா?" என்றார். நான் லாட்ஜில் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியாது, பசங்களுக்குத் தெரியும். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். ராத்திரி வண்டியில் வரும்போதுகூட ஒரு நாள் வழியில் லத்தேரி ஊர் எப்போது தாண்டியது என்றே நினைவில்லை. நான் சோம்பேறியா ஐயா? வகுப்பில் தூங்காமல் இருக்க ஒரு வழி சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், கே.வி.குப்பம்

பதில்: தம்பி, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அந்த லாட்ஜ் வசனத்துக்கு எனக்கே சிரிப்பு வந்தது, மன்னித்துக்கொள். இரண்டாம் தடவை லத்தேரியில் நின்றுவிட்டேன். நீ அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டாய். எனக்கு உன் வகுப்புத் தூக்கத்தைப் பற்றிக் கவலையே இல்லை. பெஞ்சில் தூங்கினால் மானம் போகும், அவ்வளவுதான்.

சரி, முதலில் கணக்கு. பழக்க தோஷம், உன் நாளைத் தாளில் எழுதிக் கூட்டினேன். தூக்கம் நாலே முக்கால் மணி. காலையில் இலை வெட்டுவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் சேர்த்து இரண்டே கால். வண்டி ஒன்றே முக்கால். கல்லூரி ஐந்து. மதியம் ஒன்றரை. லாட்ஜ் எட்டு. போன் முக்கால். மொத்தம் 24, சரியாக வந்தது. ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) சமன்பட்டால் சந்தோஷப்படுகிறவன் நான். இதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. கணக்கில் இடிக்கிற தொகையைத் தற்காலிகமாக ஒதுக்குகிற அனாமத்துக் கணக்கில் போட்டு வைக்கக்கூட கால் மணி நேரம் மிச்சமில்லை. இப்படி ஒரு நாளை ஓட்டுகிறவனைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இப்போது லத்தேரிக்கு வருவோம். நீ வண்டியை எடுக்கும்போது எழுந்து பதினேழே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் சோதித்துக் காட்டினார்கள். நம் ஊர் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஆக, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் நீ தினமும் அந்த எல்லையைத் தாண்டித்தான் காட்பாடி மேம்பாலம் ஏறுகிறாய். போலீஸ் ஊதச் சொன்னால் ஒன்றும் காட்டாது, போகச் சொல்லிவிடுவார்கள்.

லத்தேரி நினைவில் இல்லாததற்குக் காரணம் மறதியாக இருக்காது. கண் திறந்தபடியே மூளை சில விநாடி தூங்கிவிடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி என்றால் 44 மீட்டர். அந்த 44 மீட்டரும் வண்டி தானாக ஓடியிருக்கிறது. அந்தச் சாலையில் ராத்திரி பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிய டிராக்டர் போகும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் நீ கேட்டதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இதைச் செய். நீ வேலை பார்ப்பது லாட்ஜில்! ஊர் உலகத்துக்கெல்லாம் படுக்கை கொடுக்கிற இடத்தில் உனக்கு ஒரு பாய் கிடைக்காதா? முதலாளியிடம் வாரத்தில் மூன்று இரவு அங்கேயே படுத்துக்கொள்ளக் கேள். ரூம் கேட்காதே, சாமான் அறையில் ஒரு கட்டில் போதும். வைத்தியத்துக்காக வங்காளத்து ஹவுரா பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் நேரங்கெட்ட நேரத்தில் ஆஸ்பத்திரி ஃபைலோடு வந்து கதவைத் தட்டுவார்கள், ஆள் இருந்தால் அவருக்கும் லாபம்தான் என்று எடுத்துச் சொல். ஆனால் படுத்த பிறகு எழுப்பக் கூடாது என்பதையும் அப்போதே பேசிவிடு, இல்லாவிட்டால் சம்பளமில்லாத இரவுக் காவலாளி ஆகிவிடுவாய். 11.30-க்குப் படுத்து 7.30-க்கு எழுந்தால் எட்டு மணி நேரம். மூன்று இரவுக்கு ஒன்பதே முக்கால் மணி நேரத் தூக்கம் கூடுதல் வரவு. பெட்ரோலும் மிச்சம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் ஆயிரம் ரூபாய் உனக்கு வருகிறதா என்று எழுதவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிடு.

அந்த மூன்று நாள் காலையில் இலை வெட்டுவது யார் என்று கேட்பாய். எங்கள் பெரியம்மா வீட்டிலும் பீடிதான். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, தகர அளவை இலைமேல் வைத்துக் கத்தரிக்கோலால் சுற்றி வெட்டுவது எனக்கும் கைவந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வெட்டிவைக்கலாம் என்று சொல்லமாட்டேன், இலை காய்ந்தால் சுருட்டும்போது கிழியும். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கொஞ்சம் பீடி குறையும். குறையட்டும். அம்மாவிடம் லத்தேரி விஷயத்தைச் சொன்னால் அவரே கத்தரிக்கோலைப் பிடுங்கி வைப்பார்.

இனி வகுப்பு. 1.30-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிற நேரத்தில் 20 நிமிடம் படு, அலாரம் வைத்துப் படு. அதற்குமேல் போனால் எழுந்ததும் தலை கல்லாகக் கனக்கும். இடம்? லாட்ஜிலிருந்து கோட்டை நடக்கிற தூரம்தான். உள்ளே மரத்தடியில் எத்தனையோ பேர் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். ஏப்ரல், மே மட்டும் வேண்டாம், நம்ம ஊர் வெயில் நிழலையும் விடாது. படுக்கையில் பார்க்கிற அந்த முக்கால் மணி நேர போனை நிறுத்து என்று சொல்ல வேண்டும், எல்லாரும் சொல்கிறார்கள். நாள் முழுக்க உனக்கென்று இருப்பது அது ஒன்றுதான் என்பதும் தெரிகிறது. பாதியாக்கு.

பேராசிரியரிடம் தனியாகப் போய், "சார், நான் நிஜமாகவே லாட்ஜில்தான் வேலை பார்க்கிறேன்" என்று சொல். நான் அந்த நாற்காலியில் 31 வருஷம் இருந்தவன். நானும் இப்படி எத்தனையோ பேரைக் கேலி பண்ணியிருக்கிறேன். யாராவது வந்து காரணம் சொன்னால் அன்றைக்கு ராத்திரி நமக்குத் தூக்கம் வராது. முதல் பெஞ்சுக்கு வந்து உட்கார். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள். தூங்கி வழிந்தாலும் வகுப்பில் இருந்தால் வருகை உண்டு.

ஒரு சொந்தக் கதை. நான் டிகிரி படிக்கும்போது ராணிப்பேட்டையில் ஒரு தோல் மண்டியில் ராத்திரி கணக்கு எழுதினேன். சுண்ணாம்பும் தோலும் கலந்த அந்த நாற்றம் சட்டையில் ஏறிவிடும், வகுப்பில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். தூங்க வசதியாக இருந்தது. ஒரு ராத்திரி 1,120 தோலை 1,210 என்று எழுதிவிட்டேன். கணக்கில் 90 தோல் உதைத்தது. திருடிவிட்டேன் என்று முதலாளி பத்து நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். கணக்குப்பதிவியலில் பிழை கண்டுபிடிக்கும் பாலபாடம் அது. தெரிந்திருந்தால் மண்டியிலேயே நிரூபித்திருப்பேன். அந்தப் பாடத்தை நடத்திய அன்று நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: சனி, ஞாயிறு பட்டுப்புடவைக் கடையில் வேலை. காலை 9.30-லிருந்து ராத்திரி 9 வரை நின்றபடியே. திங்கள்கிழமை வகுப்பில் கால் வலியில் ஒன்றும் ஏறவில்லை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். என்ன செய்வது ஐயா?
– கல்லூரி மாணவி, ஆரணி

பதில்: முறைக்கட்டும் அம்மா. கடை, நிறுவனங்களில் வேலை செய்கிற எல்லாருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. நீ ஒருத்தி மட்டும் கேட்டால் வேலையை விட்டு நிற்கச் சொல்வார்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். பதினொன்றரை மணி நேர வேலை என்பதும் சட்டத்துக்குள் அடங்காது, அதை அடுத்த மாதம் விரிவாக எழுதுகிறேன். (ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டம், தெரியும். 1989-இல் பிரித்தார்கள், 2019-இல் வேலூரையே மூன்றாக்கினார்கள். எனக்கு எல்லாமே இன்னும் வட ஆற்காடுதான்.)

கேள்வி: வேலை முடிந்து வந்து ராத்திரி 9 மணிக்கு ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டுப் படிக்கிறேன். தப்பா?
– வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: காபியில் இருக்கிற காஃபின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். 9 மணிக்குக் குடித்ததில் பாதி அதிகாலை 2 மணிக்கும் உள்ளே இருக்கும், கால்வாசி காலை 7 மணிக்கு. தேய்மானத்தில் குறைந்து செல் மதிப்பு முறை (ஆண்டுதோறும் மீதி மதிப்பில் அதே சதவீதத்தைக் கழிப்பது) என்று படித்திருப்பீர்களே, அதே கதை: குறைந்துகொண்டே போகும், லேசில் பூஜ்யம் ஆகாது. படுத்தும் தூங்காமல் மறுநாள் மறுபடி காபியிடம் போய் நிற்பீர்கள். மாலை 4 மணியோடு நிறுத்திவிடுங்கள். எனக்குக் காலை 5-க்கு ஒன்று, மாலை 4-க்கு ஒன்று. மூன்றாவது கேட்டால் வீட்டில் மோர் வரும்.