கவனிக்கப்படாமல் போன நல்ல படங்கள், தொடர்கள் என்று நீங்கள் நினைப்பவை எவை?

இந்தக் கேள்விக்கு வரும் பதில்களில் பாதி ‘அன்பே சிவம்’, ‘ஆரண்ய காண்டம்’, ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்றுதான் இருக்கும். மூன்றும் வந்த புதிதில் அடி வாங்கியவைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அன்பே சிவத்தைக் குறை சொல்லிப் பாருங்கள், சொன்னவரைத்தான் சாத்துவார்கள். ஆயிரத்தில் ஒருவன் 2021 டிசம்பர் 31 அன்று மறுபடி தியேட்டருக்கே வந்துவிட்டது. (என்னைக் கேட்டால் அதன் இரண்டாம் பாதிக்கு இப்போது கிடைக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம். பார்த்திபனை எடுத்துவிட்டு யோசித்துப் பாருங்கள்.) ஊரே சேர்ந்து தாமதமாகக் கொண்டாடி முடித்த படங்களை இன்னும் எத்தனை நாள்தான் பாவம் பார்ப்பது? அவற்றை விட்டுவிடுகிறேன்.

என் பட்டியல் வேறு ரகம். யாரிடமாவது “இதைப் பாருங்க” என்றால் உடனே “என்ன கதை?” என்பார்கள் இல்லையா, அந்த இடத்தில் நான் திக்கித் திணறும் படங்கள் இவை. ஒரு வரியில் கதையைச் சொன்னால் ஒன்று படம் கெட்டுவிடும், இல்லாவிட்டால் கேட்டவர் அந்தப் பக்கமே போகமாட்டார். தியேட்டர் கிடைக்காதது, விளம்பரம் இல்லாதது எல்லாம் காரணம்தான். ஆனால் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிப் பரவ முடியாமல் போனதும் பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

முதலில் ‘குற்றமே தண்டனை’. ‘காக்கா முட்டை’ எடுத்து 2 தேசிய விருதுகள் வாங்கிய மணிகண்டனுக்கு 2016 செப்டம்பரில் ஒரே மாதத்தில் இரண்டு படங்கள் வந்தன. 2ஆம் தேதி இது, 23ஆம் தேதி ‘ஆண்டவன் கட்டளை’. இரண்டாவதில் விஜய் சேதுபதி இருந்தார், ஓரளவு பேசினார்கள். முதலாவது வந்த சுவடே தெரியவில்லை.

விதார்த்தான் நாயகன், ரவி. கிரெடிட் கார்டு பாக்கி வசூலிக்கும் ஆபீஸில் வேலை. அவருக்குப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது. பக்கவாட்டில் எதுவும் தெரியாது, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். சிகிச்சைக்குப் பணம் வேண்டும். அந்த நேரத்தில் எதிர் வீட்டில் ஒரு பெண் கொலையாகிறாள், ரவி சாட்சி. வாயைத் திறக்காமல் இருக்கப் பணம் கிடைக்கும் என்று தெரிகிறது. இதற்கு மேல் சொன்னால் நீங்கள் படம் பார்க்க வேண்டியதே இல்லை.

ஒளிப்பதிவும் மணிகண்டனே. ரவியின் கண் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் திரை முழுக்கக் கறுப்பாகி, நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிஞ்சும். முதல் தடவை பார்க்கிறபோது இது ஏதோ கேமரா வித்தை என்றுதான் தோன்றும். போகப்போகத்தான், நமக்கும் அந்த வட்டத்துக்குள் விழுந்தது மட்டும்தான் தெரியும் என்பது உறைக்கும். மிச்சத்தை நாமே ஊகித்து நிரப்பி, ஆளாளுக்குத் தீர்ப்பும் எழுதிவைத்திருப்போம். விதார்த் ஓர் இடத்தில்கூட நம்மிடம் இரக்கம் கேட்பதில்லை. நம் படங்களில் கண் பார்வை போகிறவர் என்றால் நல்லவராக இருந்தே தீர வேண்டும் என்று ஓர் எழுதாத சட்டம் உண்டு. இவர் அதற்குக் கட்டுப்படாதவர், ஆனாலும் வில்லன் என்று தள்ளிவிடவும் முடியாது. பாட்டே கிடையாது, பின்னணி இசை இளையராஜா. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாசர் தத்துவம் பேசும் இடங்கள் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. படம் காட்டிவிட்டதை அவர் வாயால் வேறு சொல்கிறார்.

ஆண்டவன் கட்டளையும் இந்தக் கணக்கில்தான் வரும். லண்டன் போக ஆசைப்பட்டு, ஏஜென்ட் பேச்சைக் கேட்டு, இல்லாத மனைவியின் பெயரைப் பாஸ்போர்ட்டில் போட்டுக்கொள்ளும் மதுரைப் பக்கத்து ஆள். பிறகு அந்தப் பெயரை நீக்க அவர் படும் பாடு. இதை “பாஸ்போர்ட் காமெடி” என்று சொல்லி அனுப்பினால், நேசன் என்ற ஈழத்தமிழர் வரும் பகுதிகளை யாரும் எதிர்பார்த்துப் போகமாட்டார்கள். எனக்குப் படமே அங்கேதான் கனக்கிறது.

அடுத்தது ‘சேத்துமான்’. 2022இல் சோனி லிவ்வில் நேராக வந்தது. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ சிறுகதைதான் மூலம், வசனமும் அவர்தான். தமிழ் என்பவர் இயக்கம், பா. ரஞ்சித்தின் நீலம் தயாரிப்பு. என்ன கதை என்று கேட்டால்? பன்றிக்கறி தின்ன ஆசைப்படும் ஒரு பண்ணையக்காரர், அவரிடம் வேலை செய்யும் கூடை முடையும் தாத்தா, அவருடைய பேரன். இதைச் சொன்னதும் ஒருவர் சிரித்தார், இன்னொருவர் முகத்தைச் சுளித்தார். இரண்டு பேரும் பார்க்கவில்லை.

பன்றியை விலை பேசும் காட்சி ஒன்று போதும். கொங்கு வட்டாரத்தின் அத்தனை பேரமும் அதில் இருக்கிறது. யார் எங்கே நின்று பேசுகிறார், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார், காசு யார் பொறுப்பு, வேலை யார் பொறுப்பு என்பதெல்லாம் பேச்சோடு பேச்சாக வந்துவிடும். யாரும் சாதியைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை, தேவையும் இல்லை. ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்கிறவர்கள் அந்தக் கறியைத் தின்னக் காட்டுக்குள் போய் ஒதுங்குகிறார்கள். அப்புறம் அடித்த பன்றியைக் கூறு போடும்போது யாருக்கு எவ்வளவு என்று பங்காளிச் சண்டை. நாட்டுக்குத் தலித் சமூகத்திலிருந்து ஒருவர் குடியரசுத் தலைவராக வரப்போகிறார் என்ற செய்தி வேறு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதையும் யாரும் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை. தாத்தாவாக வரும் மாணிக்கத்தின் நடிப்பைப் பற்றி இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும். பேரனைப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் சுமந்து போகிற நடையிலேயே அந்த மனிதரின் முழு வரலாறும் தெரிகிறது.

இங்கே பாலு மகேந்திராவைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. ‘வீடு’ எல்லோருக்கும் தெரியும், தெரியாவிட்டாலும் தெரியும் என்பார்கள். அதில் தாத்தாவாக வந்த சொக்கலிங்க பாகவதரை வைத்தே அடுத்து 1989இல் ‘சந்தியா ராகம்’ எடுத்தார். மனைவி இறந்த பிறகு கிராமத்திலிருந்து சென்னைக்குத் தம்பி மகன் வீட்டுக்கு வரும் கிழவர். அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அர்ச்சனா செய்த மருமகள் பாத்திரம் அவ்வளவு நியாயமாக எழுதப்பட்டது. இருக்கிற சோற்றை இன்னொரு வாய்க்கும் பங்கு போட வேண்டும், அதுதான் முழுச் சிக்கல். தம்பி மகனாக வருபவர் ஓவியர் வீர சந்தானம். குடும்ப நலப் பிரிவில் தேசிய விருது வாங்கிய படம் என்று சொன்னால் அரசாங்கப் பிரச்சாரப் படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதியோர் இல்லம் என்ற சொல் காதில் விழுந்தாலே, ஒப்பாரி வைத்து அழ விடுவார்கள் என்று ஒதுங்கியும் விடுகிறார்கள். இதில் அப்படி எதுவும் கிடையாது, எல்லாமே தணிந்த குரலில்தான்.

பாலு மகேந்திராவே சன் டிவியில் ‘கதை நேரம்’ என்று தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக எடுத்தார், மொத்தம் 52. ஓர் எழுத்தாளரின் ஏழெட்டுப் பக்கத்தை நீட்டாமல், பாட்டும் ஆட்டமும் சேர்க்காமல் எப்படிப் படமாக்குவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தமிழில் இல்லை. பாதிக்கு மேல் மௌனிகாவே வருவார், ஒவ்வொன்றிலும் வேறு ஆளாகத் தெரிவார். மெகா சீரியல் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் வாரம் ஒரு கதை முடிந்துபோகிற தொடரை யார் நினைவில் வைப்பார்கள்? “நேத்து என்ன ஆச்சு?” என்று பக்கத்து வீட்டில் கேட்க அதில் எதுவும் இல்லையே.

புதிய தொடர்களில் ‘அயலி’யை (ஜீ5, 2023) ஒரு வரியில் சொல்லிவிடலாம்: படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து வயதுக்கு வந்ததை மறைக்கும் பெண். அதனால்தான் அது கொஞ்சமாவது பரவியது. நன்றாக இருக்கிறது, கடைசியில் கொஞ்சம் மேடைப் பேச்சு.

ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று, ‘ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்’. ‘பிரேக்கிங் பேட்’ வந்த அதே ஏஎம்சி சேனல். 2014 முதல் 2017 வரை 4 சீசன்கள், 40 எபிசோடுகள். அமெரிக்காவிலேயே பார்த்தவர்கள் குறைவு. 1983இல் டெக்சாஸில் ஒரு சின்னக் கம்பெனி ஐபிஎம் கம்ப்யூட்டரை நகலெடுக்கப் பார்க்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் போனை எடுத்துவிடுவார். ஆனால் ஐபிஎம்மின் பயாஸ் நிரலை, அதாவது கம்ப்யூட்டரை உயிர்ப்பிக்கும் அடிப்படை நிரலை, அவர்கள் உடைக்கிற விதத்தைப் பாருங்கள். ஒருவர் சில்லிலிருந்து எண்களைப் படிக்கப் படிக்க இன்னொருவர் எழுதிக்கொள்கிறார். அதைப் பார்த்துவிட்ட கையோடு தாங்களே நிரல் எழுதினால் திருட்டு வழக்கு வரும். அதனால் அந்த நிரலைக் கண்ணாலும் பார்க்காத ஒருத்தியைக் கொண்டுவந்து தனி அறையில் உட்கார வைத்துப் புதிதாக எழுதச் சொல்கிறார்கள். நிஜத்தில் காம்பேக் போன்ற கம்பெனிகள் ஏறக்குறைய இதே முறையில்தான் ஐபிஎம் நகல்களைக் கொண்டுவந்தன.

முதல் சீசன் கோட்டு சூட்டு போட்ட ஜோ மெக்மில்லனின் பின்னால் சுற்றுகிறது, அது அத்தனை சிறப்பில்லை. இரண்டாம் சீசனில் டோனா, கேமரன் என்ற இரண்டு பெண்கள் தங்கள் ஆன்லைன் விளையாட்டுக் கம்பெனியை நடத்தத் தொடங்கியதும் தொடர் வேறு உயரத்துக்குப் போய்விடுகிறது. கடைசி சீசனில் முக்கியமான ஒருவர் இறந்த பிறகு, ஏறக்குறைய ஒரு முழு எபிசோடும் மற்றவர்கள் சேர்ந்து அவருடைய சாமான்களைப் பிரித்துக் கட்டி வைப்பதுதான். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்ற பேச்சு மட்டுமே. சாவைப் பற்றி எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில் இதுதான் ஆகச் சிறந்தது.

தொடங்குவதாக இருந்தால் முதல் சீசனில் நாலைந்து எபிசோடு பாருங்கள். பிடிக்கவில்லையா, யோசிக்காமல் இரண்டாம் சீசனுக்குத் தாவிவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. நேரம் குறைவாக இருக்கிறது என்றால் குற்றமே தண்டனை, அதுவும் விமர்சனம் எதையும் படிக்காமல்.