சுண்ணாம்புப் பாறையில் எண்ணெய்: சென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சுண்ணாம்புப் பாறைகளில் எண்ணெய் எப்படித் தங்கியிருக்கிறது, அது ஏன் முழுமையாக வெளிவருவதில்லை என்பன பற்றிச் சென்னை அன்பர்கள் சிலர் அனுப்பிய கேள்விகளுக்குக் கீழே விடை எழுதியிருக்கிறேன். கிணறு தோண்டும்போது உருளை உருளையாக வெட்டியெடுக்கப்படும் பாறைத் துண்டுகளை, எங்கள் தொழிலில் ‘கோர்’ என்று சொல்லப்படுபவற்றை, உருப்பெருக்கியில் ஆராய்வதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஆகவே பொறியியல் கேள்விகளுக்கும் பாறையிலிருந்தே விடை தொடங்குவேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, வில்லிவாக்கம்): ஐயா, பூமிக்கடியில் எண்ணெய் ஏரியைப் போலத் தேங்கி நிற்பதாகவே மாணவர்கள் நினைக்கிறார்கள். அப்படியானால் அதை முழுவதும் இறைத்துவிட முடியாதா?

பதில்: ஏரி என்று எதுவும் இல்லை. பாறையின் துளைகளுக்குள், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளுக்குள், எண்ணெய் தங்கியிருக்கிறது. உலக எண்ணெய் வயல்களைப் பொதுவாகப் பார்த்தால், உள்ளே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவே மேலே வருகிறது. மீதி பாறையோடு பாறையாக நின்றுவிடுகிறது.

மணற்பாறைக்கும் சுண்ணாம்புப் பாறைக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். மணல், ஆறு எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து சேர்த்த பொருள். சுண்ணாம்புப் பாறையோ பெரும்பாலும் அந்தந்தக் கடலில் வாழ்ந்த பவளங்கள், சிப்பிகள், பாசிகள், நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் ஓடுகளாலும் கூடுகளாலும் அங்கேயே உருவானது. பழவேற்காட்டுச் சிப்பியைச் சுட்டால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கிடைக்கிறதல்லவா, அந்தச் சிப்பியும் இந்தப் பாறையும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். உயிர்கள் கட்டிய பாறை என்பதால் பத்து அடிக்குப் பத்து அடி அதன் தன்மை மாறும். தண்ணீரில் கரையக்கூடியது என்பதால், உருவான பின்னும் அது மாறிக்கொண்டே இருக்கும். உலகின் எண்ணெய் இருப்பில் பாதிக்கு மேல் இத்தகைய பாறைகளில் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது.

கேள்வி (பெட்ரோலியப் பொறியியல் மாணவர், கிண்டி): நுண்துளை அளவு (பாறையின் கன அளவில் துளைகளின் பங்கு) 20 சதவீதத்துக்கு மேல் இருந்தும் சில சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளில் ஓட்டமே இல்லை என்று படித்தேன். துளை இருந்தால் ஓட்டம் இருக்க வேண்டாமா?

பதில்: துளை எவ்வளவு என்பதைவிட, துளைக்கும் துளைக்கும் இடையே வாசல் உண்டா என்பதே முக்கியம். சுவரில் நூறு மாடங்கள் இருந்தாலும் ஒரு மாடத்திலிருந்து அடுத்ததற்குக் கை நீட்ட முடியாது. சுண்ணாம்புப் பாறையில் அத்தகைய மாடங்கள் நிறைய உண்டு. பாறைக்குள் இருந்த ஒரு சிப்பி ஓட்டை மழைநீர் கரைத்துவிட்டால், அதன் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மட்டும் மிஞ்சும். அதைச் சுற்றியுள்ள சேறு கெட்டிப்பட்டிருந்தால், அந்த வெற்றிடத்து எண்ணெய் சிறைப்பட்டது போலத்தான். கோர் துண்டை வெட்டிப் பார்க்கும்போது வெற்றிடங்கள் பளிச்சென்று தெரியும். ஆய்வகத்தில் அதன் வழியே திரவத்தைச் செலுத்திப் பார்த்தால் சொட்டுக்கூட நகராது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அலை புரட்டிய ஆழமற்ற கடலில், மீன்முட்டை போன்ற உருண்டைத் துகள்கள் சேறின்றிச் சேர்ந்த இடங்களில் துகள்களுக்கு இடையே திறந்த வழிகள் இருக்கும்; எண்ணெய் தாராளமாக ஓடும். வட கடலின் நார்வேப் பகுதியில் 1969இல் கண்டறியப்பட்ட எகோஃபிஸ்க் வயல் மூன்றாவது வகை. அங்கே பாறை, நுண்ணிய கடற்பாசிகளின் தகடுகளாலான சாக்பீஸ் போன்ற வெண்சுண்ணம். நுண்துளை அளவு 30 முதல் 40 சதவீதம் வரை உண்டு. ஆனால் துளைகள் மிகச் சிறியவை என்பதால் ஊடுபுகுதிறன், அதாவது திரவத்தைத் தன் வழியே ஓடவிடும் திறன், மில்லிடார்சி என்னும் அலகில் சில எண்கள் மட்டுமே. அந்த வயல் வாழ்ந்தது விரிசல்களால்தான்.

ஆகவே, சராசரி நுண்துளை எண்ணை மட்டும் கணிப்பொறி மாதிரியில் இட்டு மீட்பு வீதத்தை, அதாவது உள்ளே இருக்கும் எண்ணெயில் எவ்வளவு மேலே வரும் என்பதை, கணக்கிடாதீர்கள். அந்தத் துளை எப்படிப் பிறந்தது என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி (அதே மாணவர்): சுண்ணாம்புப் பாறை, மெக்னீசியம் சேர்ந்த டோலமைட்டாக மாறினால் துளை கூடும் என்பது உண்மையா?

பதில்: பல இடங்களில் உண்மை. கால்சியத்தில் ஒரு பகுதியின் இடத்தை மெக்னீசியம் பிடிக்கும்போது, மூலக்கூறுக்கு மூலக்கூறு மாற்றம் நடந்தால் திடப்பொருளின் கன அளவு ஏறக்குறைய 12 சதவீதம் சுருங்கும்; அந்த இடம் துளையாகும். ஆனால் மெக்னீசியத்தைக் கொண்டுவரும் நீர் தொடர்ந்து வந்து மேலும் டோலமைட்டைப் படியவைத்தால், திறந்த துளையும் அடைபட்டுப் போகும். இரண்டையும் ஒரே வயலில் பார்க்கலாம்.

கேள்வி (சிமெண்ட் ஆலைச் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், தாம்பரம்): அரியலூரில் நாங்கள் வெட்டியெடுத்ததும் சுண்ணாம்புக்கல்தான். அங்கே ஏன் எண்ணெய் இல்லை?

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் தமிழ்நாட்டில் சுண்ணாம்புப் பாறையைக் கையால் தொட்டுக் கற்க அரியலூர், கல்லக்குடி வட்டாரத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. கல்லக்குடியின் பவளமும் பாசியும் கலந்த சுண்ணாம்புக்கல், டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. 1953இல் பெயர் மாற்றப் போராட்டத்தால் அரசியல் வரலாற்றில் இடம்பெற்ற கல்லக்குடியும் இதுதான். கல்லங்குறிச்சியில் அடுக்கடுக்காகச் சிப்பிகள் நிறைந்த கல்லை நீங்களே வெட்டியிருப்பீர்கள். அது அக்காலத்தின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தது. மத்திய கிழக்கின் சில பெரிய எண்ணெய்ப் பாறைகளுக்கும் இவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே வயது.

வயது ஒன்றானாலும் விதி வேறு. எண்ணெய் தங்க மூன்று வேண்டும்: உயிர்ப்பொருள் நிறைந்து, தக்க வெப்பம் வரை புதைந்த மூலப்பாறை, எண்ணெயைத் தாங்கும் தேக்கப் பாறை, மேலே கசிவைத் தடுக்கும் மூடுபாறை. அரியலூர்க் கல் நிலத்தின் மேலேயே வெளிப்பட்டு நிற்கிறது. மூடியில்லாத பானையில் எதுவும் தங்காது. அதே காவிரிப் படுகை கிழக்கே கடலை நோக்கி ஆழமாகச் செல்லும்போது மூலப்பாறையும் மூடுபாறையும் அமைகின்றன. நரிமணம், கோவில்களப்பாள் போன்ற இடங்களில் எண்ணெய் கிடைக்கிறது. ஆனால் அங்கே எண்ணெய் பெரும்பாலும் மணற்பாறைகளில் இருக்கிறது. படுகையின் சில இடங்களில் விரிசலுற்ற அடிப்பாறையிலும் கிடைக்கிறது.

கேள்வி (சுத்திகரிப்பு ஆலையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், மணலி): சவூதி எண்ணெயும் மும்பை ஹை எண்ணெயும் சுண்ணாம்புப் பாறையிலிருந்துதான் வருகின்றன என்கிறார்கள். ஒன்று தளராமல் ஓடுகிறது. மற்றொன்றில் இறங்குமுகம் ஏன்?

பதில்: அளவு வேறுபாட்டை முதலில் ஒதுக்கிவைத்துப் பாறையைப் பார்ப்போம். 1948இல் கண்டறியப்பட்ட சவூதியின் கவார் வயல், ஏறக்குறைய 280 கி.மீ. நீளமுள்ள ஒரே பாறை மடிப்பு. அதன் முதன்மைத் தேக்கப் பாறையான அரப்-டி, ஜுராசிக் காலத்து வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் சேர்ந்தது. அந்தப் படிவு மேலே செல்லச் செல்லச் சேறு குறைந்து, துகள் மிகுந்த, ஊடுபுகுதிறன் கூடிய பாறையாகிறது. பின்னர் கடல் வற்றிய வறண்ட காலத்தில் அன்ஹைட்ரைட் உப்புப்படிவு அதன் மேல் கெட்டியான மூடியாகப் படிந்தது. மூலப்பாறையும் அருகிலேயே, அதே ஜுராசிக் அடுக்குகளில் இருந்தது. மடிப்பின் ஓரங்களிலிருந்து நீரைச் செலுத்தினால் எண்ணெய் ஒரே முகமாக நடுவை நோக்கி நகரும் அமைப்பு அது. 1960களிலிருந்து அவ்வாறே செய்கிறார்கள்.

ஆனால் கவாரையும் ஒரே பாறையாக நினைப்பது தவறு. வடக்கே ஐன்தார், ஷெட்கும் பகுதிகளில் பாறை மிகச் சிறப்பானது. தெற்கே ஹரத் நோக்கிச் செல்லச் செல்ல ஊடுபுகுதிறன் குறைகிறது. அதனால்தான் ஹரத்தின் தென்பகுதி பல பத்தாண்டுகள் காத்திருந்து, 2006இல் கிளைக் கிணறுகளை (ஒரே கிணற்றிலிருந்து பக்கவாட்டில் பல கிளைகளாகப் பிரிபவை) கொண்டு உற்பத்திக்கு வந்தது. வயலின் சில இடங்களில் மெல்லிய அடுக்குகள் அசாதாரண வேகத்தில் திரவத்தைக் கடத்துகின்றன. செலுத்திய நீர் அவற்றின் வழியே விரைந்தோடிக் கிணற்றை அடைந்துவிடுகிறது, சுற்றியுள்ள எண்ணெய் பின்தங்குகிறது.

1974இல் கண்டறியப்பட்டு 1976இல் உற்பத்தி தொடங்கிய மும்பை ஹையில் முதன்மையான எல்-3 பாறை மயோசீன் காலத்தது. கவாரைவிட மிக இளையது. அங்கே கடல் பலமுறை ஏறி இறங்கியது. கடல் இறங்கிய ஒவ்வொரு முறையும் சுண்ணாம்புத் திட்டு வெளியே தலைகாட்ட, மழைநீர் அதைக் கரைத்துத் துளைகளை உண்டாக்கியது. கடல் ஏறிய காலங்களில் மெல்லிய களிப்படிவுகள் இடையே வந்து படிந்தன. விளைவாக எல்-3 ஒரு தடித்த பாறையாக இல்லாமல், களியால் பிரிக்கப்பட்ட பல அடுக்குகளின் கட்டாக நிற்கிறது. போதாததற்கு, எண்ணெய்க்கு மேலே வாயு தங்கிய ‘வாயுத் தொப்பி’யும் உண்டு. 1984இல் நீர் செலுத்தத் தொடங்கியபோது, நல்ல அடுக்கு நீரை விழுங்கிக்கொள்ள, மோசமான அடுக்குகளில் எண்ணெய் அசையாமல் நின்றது. பிற்கால மறுமேம்பாட்டுப் பணிகளில் பக்கவாட்டுக் கிணறுகளை நிறையத் தோண்டியது இத்தகைய தனித்தனி அடுக்குகளைத் தேடிப் பிடிக்கத்தான். இறங்குமுகத்துக்குப் பொறியாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல என்பது என் கருத்து. அந்தப் பாறை இயல்பிலேயே பங்கு பிரிந்த குடும்பம்.

கேள்வி (ஈரானில் பணியாற்றி வந்தவர், பல்லாவரம்): விரிசல் நல்லதா, கெட்டதா? அங்கே பொறியாளர்கள் இரண்டும் சொல்வார்கள்.

பதில்: உங்கள் பல்லாவரத்திலேயே விடை இருக்கிறது. அங்கே அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடும்பாறை. ஒரு வீட்டு ஆழ்துளைக் கிணறு விரிசலைத் தொட்டால் தண்ணீர் பீறிடும், அடுத்த வீட்டில் அறுநூறு அடி இறக்கினாலும் புழுதிதான் வரும். எண்ணெய்க்கும் அதே கதை. 1908இல் ஈரானின் மஸ்ஜிதே சுலைமானில் எண்ணெய் பீறிட்டதற்குக் காரணம், சாக்ரோஸ் மலை மடிப்பால் உடைந்த அஸ்மாரி சுண்ணாம்புப் பாறையின் விரிசல்கள்.

ஆனால் அந்தக் கடும்பாறைக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சுண்ணாம்புப் பாறையில் விரிசல் வெறும் சாலைதான். எண்ணெயின் பெரும்பகுதி விரிசல்களுக்கு இடையேயுள்ள பாறைக் கட்டிகளுக்குள் இருக்கிறது. அவசரப்பட்டு இறைத்தால் சாலையில் இருப்பது வந்துவிடும். பின்னால் நீரோ வாயுவோ அதே சாலையில் ஏறிக் கிணற்றை அடைந்துவிடும். கட்டிக்குள் இருப்பது மெல்ல வடிந்து வெளிவர ஆண்டுகள் வேண்டும். மெக்சிகோவின் காந்தரேல் வயல் இதற்குப் பெரிய பாடம். சிக்சுலூப் விண்கல் மோதலோடு தொடர்புபடுத்தப்படும் உடைகல் பாறை அங்கே தேக்கமாக அமைந்தது; ஊடுபுகுதிறன் மிக அதிகம். 2000இல் நைட்ரஜன் செலுத்தத் தொடங்கி, 2004இல் நாளொன்றுக்கு 21 இலட்சம் பீப்பாய் வரை எடுத்தார்கள். வாயு எல்லை கீழிறங்கிக் கிணறுகளை எட்ட, 2009இல் உற்பத்தி ஏறக்குறைய ஏழு இலட்சமாகச் சரிந்தது.

கேள்வி (வேதியியல் பேராசிரியை, அடையாறு): நீர் தள்ளினால் எண்ணெய் நகர வேண்டியதுதானே? பாறைப் பரப்பின் வேதியியல் எப்படித் தடுக்கிறது?

பதில்: மணற்பாறையின் குவார்ட்சுப் பரப்பு பொதுவாக எதிர்மின் தன்மை கொண்டது, சுண்ணாம்புப் பரப்பு தேக்கச் சூழலில் பெரும்பாலும் நேர்மின் தன்மை கொண்டது. கச்சா எண்ணெயிலுள்ள கரிம அமிலங்கள் எதிர்மின் முனையோடு வந்து அந்தப் பரப்பைப் பற்றிக்கொள்கின்றன. நாளடைவில் பாறை நீரை விரும்பாமல் எண்ணெயை விரும்பத் தொடங்குகிறது. தாமரை இலைத் தண்ணீர் போல, செலுத்திய நீர் ஒட்டாமல் உருண்டு போய்விடும், எண்ணெய்ப் படலம் சுவரிலேயே தங்கிவிடும். விரிசலுள்ள பாறையில் இது இரட்டைக் கேடு. கட்டி தானாக நீரை உறிஞ்சி எண்ணெயை வெளித்தள்ளாது.

எகோஃபிஸ்க்கில் பாறை பெருமளவு நீரை ஏற்றது. அது அந்த வயலின் பேறு. 1987இல் பெரிய அளவில் கடல்நீர் செலுத்தத் தொடங்கியபின், முதலில் 17 சதவீதம் அளவில் கணித்த மீட்பு இன்று 50 சதவீதத்தைத் தாண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. கடல்நீரின் சல்ஃபேட், கால்சியம், மெக்னீசியம் அயனிகள் சேர்ந்து, ஒட்டிய கரிம அமிலங்களைப் பரப்பிலிருந்து விடுவிக்கின்றன என்பது பல ஆய்வகங்களில் காணப்பட்டது. ஆகவே எந்த நீரைச் செலுத்துகிறோம் என்பதே ஒரு தொழில்நுட்ப முடிவாகிவிட்டது. மென்மையான அந்தச் சுண்ணம் அழுத்தம் குறைந்ததால் நசுங்கிக் கடல்தரை தாழ்ந்ததையும் சொல்ல வேண்டும். 1987இல் கடலில் நின்ற உற்பத்தி மேடைகளை ஆறு மீட்டர் உயர்த்த வேண்டியதாயிற்று. அந்த நசுங்கலே எண்ணெயைப் பிழிந்து வெளித்தள்ளவும் உதவியது.

கேள்வி (அதே பேராசிரியை): அமிலம் ஊற்றினால்?

பதில்: கிணற்றை ஒட்டிய பகுதிக்குப் பயன்படும்; ஹைட்ரோகுளோரிக் அமிலம் புழுத் துளைகளைப் போல் வழிகளை அரித்துவிடும். தொலைவிலுள்ள பாறையை அது எட்டாது.

கேள்வி (ஆராய்ச்சி மாணவர், தரமணி): கரியமில வாயுவைச் செலுத்துவது சுண்ணாம்புப் பாறைக்கு ஏற்றதா?

பதில்: அதன் நீண்ட அனுபவமே சுண்ணாம்புப் பாறையில்தான் தொடங்கியது. டெக்சாசின் சாக்ராக் பகுதியில் பழைய பவளத்திட்டு போன்ற தேக்கத்தில் 1972இலிருந்து செலுத்துகிறார்கள். கனடாவின் வேபர்ன் வயல் 2000இலிருந்து வடக்கு டகோட்டாவின் ஆலையிலிருந்து குழாய் வழியே வாயுவைப் பெறுகிறது. போதிய அழுத்தத்தில் அது எண்ணெயோடு கலந்து ஒன்றாகிவிடும். துருக்கியின் பாத்தி ராமன் வயலில் எண்ணெய் மிகக் கனமானது. இயல்பான மீட்பு இரண்டு சதவீதத்தைக்கூட எட்டாது என்பதால், 1986இலிருந்து கலக்காத நிலையிலேயே வாயுவைச் செலுத்தி, எண்ணெயை இளக்கி எடுக்கிறார்கள். ஆனால் விரிசல் வரைபடம் இல்லாமல் வாயுவைச் செலுத்துவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும்.

கேள்வி (முதலில் கேட்ட கிண்டி மாணவர்): இந்தத் துறைக்கு நான் எதைப் படித்துத் தயாராக வேண்டும்?

பதில்: கணக்கையும் மென்பொருளையும் உங்கள் கல்லூரி கற்றுத்தரும். நீங்கள் விடுமுறையில் இரண்டு பயணம் செல்லுங்கள். முதலாவது இராமேஸ்வரம். மன்னார் வளைகுடாவில் பவளம், சேறு, மணல் ஆகிய மூன்றும் எவ்வளவு குறுகிய தொலைவில் மாறுகின்றன என்பதைப் படகில் இருந்தபடியே குறித்துக்கொள்ளுங்கள்; பவளத்தைத் தொடவும் எடுக்கவும் சட்டம் அனுமதிக்காது. இரண்டாவது, உரிய அனுமதியோடு அரியலூரின் ஒரு சுண்ணாம்புச் சுரங்கம். கைலென்சும் ஒரு சிறு குப்பியில் நீர்த்த அமிலமும் கொண்டுபோங்கள். சுரங்கச் சுவரில் ஒவ்வொரு அடுக்காக மேலிருந்து கீழே வரைந்து, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் உறிஞ்சப்படுகிறது என்று எழுதுங்கள். வரைந்ததை எனக்கு அனுப்பினால், எந்த அடுக்கில் கிணற்றைத் திறக்கலாம் என்று நாம் சேர்ந்து பேசலாம்.