தூரம் கிடக்கட்டும், டிக்கெட் ஒன்றா இரண்டா?

செப்டம்பரில் டொராண்டோவுக்குப் படிக்க வருகிறேன், சென்னையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், ஜன்னல் சீட் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிற தம்பிக்கு.

தூரம் சுமார் 13,400 கிலோமீட்டர். பூமி உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அந்தக் கோடு ஆர்க்டிக் பக்கம் ஏறி இறங்கும். ஆனால் சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய் வழி என்றால் நாலு மணி நேரம், அப்புறம் பதினாலு. பிராங்க்பர்ட் வழி என்றால் பத்து, அப்புறம் எட்டரை. நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு நாள் போய்விடும். ஜன்னலோ ஓரமோ, கால் வீங்கத்தான் செய்யும்.

முக்கியமானது வேறு. முதல் விமானத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு ஒன்று என்று இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து எடுக்காதீர்கள். "பன்னிரண்டாயிரம் மிச்சம் பண்ணினேன்" என்று இங்கே நம்மவர்கள் சிலர் பெருமை பேசுவார்கள். மாட்டிக்கொண்ட கதையை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் உங்களை அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இரண்டு என்றால் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியை எடுத்து மறுபடி போட வெளியே போகவேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். அமெரிக்கா வழி என்றால் சும்மா விமானம் மாறுவதற்கே விசா கேட்பார்கள்.

நானும் அப்படி இரண்டு டிக்கெட்டோடுதான் 2007 ஜனவரியில் போகியன்று கிளம்பினேன். மீனம்பாக்கத்தில் பனியும் டயர் புகையும் சேர்ந்து ஓடுபாதையே தெரியவில்லை. மூன்று மணி நேரத் தாமதம். ஐரோப்பாவில் இறங்கும்போது இரண்டாவது விமானம் போய்விட்டது. முதல் செமஸ்டர் சாப்பாட்டுப் பணத்தில் புது டிக்கெட் வாங்கினேன். வெளியே போக விசா இல்லை, பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. ஸ்வெட்டர் எல்லாம் அதற்குள்.

நல்லவேளை, கல்லூரிக் கடிதமும் விசா அனுமதிக் கடிதமும் கைப்பையில் இருந்தன. கனடாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில்தான் படிப்பு அனுமதியை அச்சடித்துத் தருவார்கள். அந்தக் காகிதங்களைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

அப்போது டொராண்டோ விமான நிலையமான பியர்சனிலிருந்து நகரத்துக்கு ரயில் கிடையாது, அது 2015இல்தான் வந்தது. அரைக்கை சட்டையோடு பேருந்துக்கு நின்றேன். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், "தம்பி, இதைப் போடும், ஸ்கார்பரோவில திருப்பித் தரலாம்" என்று தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தார். இன்றைக்கு நான் மைனஸ் பதினைந்தில் கையுறை இல்லாமல் போய் காபி வாங்கி வருகிறேன், அது வேறு.

பெட்டி ஐந்தாம் நாள் வந்தது. உள்ளே அம்மா வைத்த பருப்புப் பொடி டப்பா உடைந்திருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க என் ஸ்வெட்டரெல்லாம் பெருங்காய வாசனை.