ஐம்பது தாண்டினால் மங்கல் நிறம்தானா?

கேள்வி: வயது 54, உயரம் 5 அடி. எந்தக் கடைக்குப் போனாலும், “உங்க வயசுக்கு இதும்மா” என்று சாம்பல் நிறப் புடவையாகவே எடுத்துப் போடுகிறார்கள். அடுத்த மாதம் மாலையில் ஏற்காட்டில் உறவினர் வீட்டு வரவேற்பு. என்ன உடுத்தலாம்?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: சேலத்தில் இருந்துகொண்டு புடவைக்குக் கவலைப்படலாமா? ஒரு நாள், புடவை நெசவுக்குப் பேர்போன பக்கத்து ஊரான இளம்பிள்ளைப் பக்கம் போய் நிதானமாகப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். அரக்கு, மயில்நீலம், கரும்பச்சை எல்லாம் நரைத்த முடிக்கு அத்தனை எடுப்பு. ஆனால் புடவையைத் தோளில் போட்டு, வாசல் வெளிச்சத்தில் முகத்தோடு சேர்த்துப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள், கடை விளக்கில் எல்லாமே அழகுதான். உங்கள் உயரத்துக்கு அகலக் கரை வேண்டாம், ஆளைக் குட்டையாகக் காட்டும். கொசுவம் விறைத்து நிற்காமல் தழைந்து விழுகிற மென்பட்டு போதும்.

நிஜமான சிக்கல் ரவிக்கையில்தான் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய அளவு ரவிக்கையையே இன்னும் தையற்காரரிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் (நானும்தான்!). புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். கையின் பருமனான இடத்தில் வெட்டி நிற்கும் குட்டைக் கை இன்னும் பருமனாகக் காட்டும். முழங்கை வரை இறக்கிவிடுங்கள், மலைக் குளிருக்கும் ஆச்சு. நாடாப் பாவாடைக்குப் பதில் ‘சாரி ஷேப்பர்’ (உடம்போடு ஒட்டி நிற்கும் உள்பாவாடை) போட்டால் இடுப்பில் மடிப்பு தட்டாது, ஆனால் இறுக்கமானதை வாங்கிவிட்டுப் பந்தியில் உட்கார முடியாமல் தவிக்காதீர்கள். அப்புறம், ஸ்வெட்டர் வேண்டாம், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.