பிக்கப்பை நேரடியாகக் கிட்டாரின் மரத்தில் திருகினால் ஒலி மேம்படுமா?

கேட்டவரிடம் இரண்டு ஹம்பக்கர் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தக் கருவி பிக்கப்; அதில் இரட்டைக் கம்பிச்சுருள் கொண்ட வகை ஹம்பக்கர்) உள்ள, நெக் (கழுத்துப் பகுதி) போல்ட்டால் இணைக்கப்பட்ட ஒரு மின்சார கிட்டார் இருக்கிறது. பிக்கப்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பிக்கப்பை மரத்திலேயே திருகிவிட்டால் நாதம் நீளுமா, ஒலி தடிக்குமா என்று கேட்கிறார். நீங்கள் நினைக்கிற அளவுக்கு எதுவும் மாறாது. ஆனாலும் இந்த வேலையைச் செய்வதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அவை வேறு.

சட்டத்தில் மாட்டிய ஹம்பக்கர் மரத்தைத் தொடுவதே இல்லை. இரண்டு திருகாணிகளிலும் அவற்றைச் சுற்றிய ஸ்பிரிங்குகளிலும் தொட்டில்போலக் குழிக்குள் தொங்குகிறது. ஃபெண்டர் நிறுவனம் 1954இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் மூன்று பிக்கப்புகளும் முன்பலகையில் (உடலின் முகப்பில் திருகிய தகட்டில்) தொங்குகின்றன. நேரடி முறையில் சட்டமும் இல்லை, பலகையும் இல்லை. பிக்கப்பின் இரு காதுகள் (இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் துளையுள்ள தகடுகள்) வழியாகத் திருகாணி நேரே குழியின் அடிமரத்தில் இறங்குகிறது. பிக்கப்புக்கு அடியில் வைத்த கெட்டியான நுரைப்பஞ்சு அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கும்.

இதை ஏதோ புதிய ரகசியம்போல விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஃபெண்டர் 1950இல் கொண்டுவந்து, மறு ஆண்டே டெலிகாஸ்டர் என்று பெயர் மாற்றிய கிட்டாரின் நெக் பிக்கப் தொடக்கத்திலிருந்தே மரத்தில்தான் திருகப்பட்டிருந்தது. அதன் உயரத்தை மாற்ற முன்பலகையையே கழற்ற வேண்டும். கிப்சன் நிறுவனத்தின் பி-90 வகையில் சோப்புக்கட்டி வடிவப் பிக்கப்பும் அப்படியே: நடுவில் இரண்டு திருகாணிகள், நேரே மரத்துக்குள். ஃபெண்டரின் 1958இன் ஜாஸ்மாஸ்டர் கிட்டாரும் இந்த வழிதான். பிறகு 1970களில் ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன், தான் கைப்பட ஒட்டுப்போட்டுச் செய்த கிட்டாரில் கிப்சன் ஹம்பக்கர் ஒன்றை மெழுகில் முக்கி மரத்தில் திருகினார். இன்றைய மோகம் முழுக்க அங்கிருந்து வந்தது.

மரத்தின் ஒலி பிக்கப்புக்குள் ஏறிவிடும் என்கிற வாதத்துக்கு வருவோம். பிக்கப் மைக் அல்ல. காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகத் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது, கம்பிச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மரம் இதில் தலையிடுவது தந்தி அதிரும் விதத்தில்தான். அதுவும் பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாலம்), நட் (நெக்கின் நுனியில் தந்திகளைத் தாங்கும் பட்டை), நெக் வழியாக. பிக்கப்பை எங்கே திருகினாலும் அந்தப் பாதை மாறுவதில்லை.

மாறுவது ஒன்று உண்டு. சத்தத்தைக் கூட்டி, டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவை) ஏற்றி ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே நிற்கும்போது தொங்கும் பிக்கப் தானும் ஆடும், அதன் ஸ்பிரிங்கும் ரீங்கரிக்கும். தந்தி அசைவதும் பிக்கப் அசைவதும் கம்பிச்சுருளுக்கு ஒன்றே. ஆம்பை இயக்கிவிட்டு, தந்திகளை இடது கையால் அடக்கிக்கொண்டு, சட்டத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று ஒலிபெருக்கியில் கேட்டால் உங்கள் பிக்கப் அதிர்வுகளுக்கு வாய் திறக்கிறது என்று பொருள். இறுக்கமாகப் பொருத்தினால் இது ஓரளவு குறையும். கிரீச்சென்ற ஊளை கம்பிச்சுருளுக்குள்ளிருந்தே வருகிறதென்றால் மெழுகில் முக்குவதுதான் மருந்து. திருகாணி அதற்கு உதவாது.

அப்படியானால் மாற்றிய பிறகு ‘ஆளே மாறிவிட்டது’ என்கிறார்களே? பெரும்பாலும் உயரம் மாறியிருக்கும், கூடவே புதுத் தந்தியும் போட்டிருப்பார்கள். அரை மில்லிமீட்டர் ஏற்றினாலே ஒலி முன்னால் பாயும். ஆகவே கழற்றுவதற்கு முன் கடைசி ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் காந்த முனைக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஹம்பக்கருக்கு நெக் பக்கம் சுமார் 2.4 மி.மீ., பிரிட்ஜ் பக்கம் சுமார் 1.6 மி.மீ. என்பது வழக்கமான தொடக்கம். மிக நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்து, நீண்ட நாதத்துக்கு ஆசைப்பட்ட இடத்தில் இருந்த நாதமும் குறையும். மாற்றிய பின் அதே தந்தியோடு, அதே அளவில் வைத்துக் கேட்டால்தான் ஒப்பீடு.

இனி வேலை. சட்டத்தை எடுத்ததும் முதல் அதிர்ச்சி காத்திருக்கும்: விலை குறைந்த கிட்டார்களில் குழியின் விளிம்பு எலி கடித்ததுபோல இருக்கும். சட்டம் அதை மறைப்பதற்கும்தான். நான்கு மூலைகளிலும் அதன் திருகாணித் துளைகள் வேறு. இது உறுத்துமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிக்கப்பின் காதுகளில் உள்ள துளை மரையிட்டது, பொதுவாக இரண்டரை மி.மீ. அளவிலான மெல்லிய இயந்திரத் திருகாணிக்கானது. மரத்திருகாணி அதற்குள் தாராளமாக வழுக்கிச் செல்ல வேண்டும். காதிலும் மரை, மரத்திலும் மரை என்றால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும், பிக்கப் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. ஆகவே காதின் துளையை மூன்றரை மி.மீ. அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். அதற்கு முன் பிக்கப் முழுவதையும் காகித ஒட்டுநாடாவால் சுற்றிவிடுங்கள். இரும்புத் துகள் காந்த முனையில் ஒட்டினால் பிடுங்கி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பிறகு மரத்தில் முன்துளை. மூன்று மி.மீ. திருகாணிக்கு இரண்டு மி.மீ. துளை சரி. அடியில் எவ்வளவு மரம் மிச்சமிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை உடலின் தடிமன் சுமார் 45 மி.மீ.; அதில் குழியும், காதுகளுக்காக இன்னும் ஆழமாகத் தோண்டிய பள்ளமும், சிலவற்றில் பின்புற ஸ்பிரிங் குழியும் போனால் மிஞ்சுவது சொற்பம். டிரில் பிட்டில் ஒட்டுநாடா சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டு துளையிடுங்கள். திருகாணியின் மரையில் கொஞ்சம் சோப்பு தேய்த்து, கைத்திருப்புளியால் முடுக்குங்கள். காந்தம் திருப்புளியின் முனையைத் தன் பக்கம் இழுக்கும். உறையில்லாத பிக்கப்பில் அது ஒருமுறை வழுக்கினால் கம்பிச்சுருளே அறுந்துவிடலாம்.

நுரைப்பஞ்சில் கஞ்சத்தனம் வேண்டாம். பாத்திரம் கழுவும் மெத்தென்ற ஸ்பாஞ்சு நாளடைவில் தளர்ந்து உதிரும். அடர்த்தியான நுரை ரப்பர் தாங்கும். பஞ்சு தளர்ந்தால் பிக்கப்பும் கடகடவென்று ஆடும், நேரடியாகத் திருகியும் பயனில்லை. அடிக்கடி உயரத்தை மாற்றுகிற பழக்கம் உள்ளவர்கள் மரத்தில் பித்தளை மரைக்குழாய் பதித்து இயந்திரத் திருகாணி போடுவது நல்லது. வெறும் மரத்தில் மரை சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கிப்சனின் லெஸ் பால் வடிவக் கிட்டார் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பேன். அதில் நெக் சாய்வாக இணைக்கப்பட்டிருப்பதால் தந்திகள் பிரிட்ஜை நோக்கி மேலேறிச் செல்லும். பிரிட்ஜ் பக்கச் சட்டம் உயரமாகவும் சரிவாகவும் இருப்பது அந்த ஏற்றத்துக்கு ஈடுகொடுக்கத்தான்.

கேட்டவரின் கிட்டாரைப் போல நெக்கைப் போல்ட்டால் இணைத்தவற்றில் பொதுவாக அந்த அளவுக்குச் சாய்வு இருக்காது, ஆகவே அவர் தாராளமாகச் செய்யலாம். ஆனால் டிரில்லைத் தொடுவதற்கு முன் ஒன்றை முயன்று பாருங்கள்: சட்டமும் ஸ்பிரிங்கும் இருந்தபடியே இருக்கட்டும், குழியின் அடிக்கும் பிக்கப்புக்கும் இடையே அந்த நுரை ரப்பரைச் சற்று அழுத்தமாகச் செருகிவிடுங்கள். பிக்கப்பின் ஆட்டம் நின்றுவிடும். மறுபடி நகத்தால் தட்டிக் கேளுங்கள். ‘டொக்’ தணிந்திருந்தால் மரத்தில் துளை போட வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை.